ஏரியைக் கடந்த காரும் என் ராஜினாமாவும்

பழவேற்காடு,
நவம்பர் 2006

அன்புள்ள தம்பி ரிஜ்வானுக்கு,

அக்கா மெஹர்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் ரமீஸாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் மகள் ஹஸ்னாவும் சுகம். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த கார் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரிக்க ஆரம்பிக்கிறாய். நீ சிரித்து முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. கடிதத்தைப் படித்து நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

உனக்கு நினைவிருக்கும். கும்மிடிப்பூண்டி பேக்டரியின் பஸ் இனிமேல் பழவேற்காடு வரை வராது என்று சொன்னார்கள். இங்கிருந்து ஏறுகிறவள் நான் ஒருத்திதான்; ஒரு ஆளுக்காக டீசல் எரிக்க முடியாது என்பதில் நியாயம் இருந்தது. பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், பிறகு ஷேர் ஆட்டோ என்று நான் யோசித்தேன். "பேசாம ஊட்ல இரு" என்று உன் மச்சான் யோசித்தார். இருபது வருஷம் வேலை பார்த்து, போன வருஷம்தான் ஆய்வுக்கூடம் முழுவதும் என் பொறுப்பில் வந்திருந்தது. லீவில் வந்திருந்த நீ, "சின்ன கார் ஒண்ணு வாங்கிடுக்கா, நீயே ஓட்டிக்கினு போ" என்றாய். சோதித்துப் பார்க்காமல் ஒரு டிரம் அமிலத்தைக்கூட உள்ளே விடாதவள் நான். அப்படிப்பட்டவள் ஷோரூமில் கொடுத்த வழவழப்பான விளம்பரத் தாளைப் பார்த்து ஏமாந்தேன். ஒரு தகப்பன், ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் எல்லாரும் மலை உச்சியில் அந்தக் காரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது யோசித்தால், அத்தனை பேரும் காருக்கு வெளியேதான் நின்றார்கள். அந்த மலையில் எப்படி ஏறினார்கள் என்று தாளில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

ஏனென்றால் இந்த வண்டி மேம்பாலமே ஏறாது. ஏ.சி.யை நிறுத்தினால் ஏறும். உன் மச்சானும் உள்ளே இருந்தால் ஏ.சி.யை நிறுத்தியும் யோசித்துத்தான் ஏறும். ஒருநாள் அவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, படிக்கட்டு வழியாக நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். எனக்காக அவர்தான் காத்திருந்தார். அடுத்தது உப்புக் காற்று. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிட்டன. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். அதை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். யாருக்குக் காற்று வேண்டுமோ அவர் கேட்டு வாங்கி, இறக்கிவிட்டு, திருப்பித் தர வேண்டும். மழை வந்தால் நாலு ஜன்னலுக்கும் அந்த ஒன்று ஓடியாக வேண்டும். போன மழையில் பின்சீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹஸ்னா முழுக்க நனைந்துவிட்டாள்.

பின்சீட்டை மடித்தால் நிறைய இடம் கிடைக்கும் என்று ஷோரூம்காரர் காட்டினாரே, அதை நானும் நீயும் மறந்துவிட்டோம். உன் மச்சான் மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாமல் சீட்டை மடித்து, கருவாட்டு மூட்டைகளையும் காய்ந்த சென்னாக்குன்னி இறால் மூட்டைகளையும் ஏற்றி, தன் கருவாட்டுக் கடைப் பையனை வைத்துப் பொன்னேரிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். "காலியா நிக்கிற வண்டிதானே" என்றார். திங்கட்கிழமை தர ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து வந்த அதிகாரியைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நல்ல மனிதர். ஏறி உட்கார்ந்ததும் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை தன் ஷூவைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பேக்டரி வரும்வரை தலையை வெளியே வைத்துக்கொண்டே வந்தார். அன்று முதல் எங்கள் தெருப் பூனைகள் வேறெந்த வாசலிலும் படுப்பதில்லை.

உன் மச்சானுக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் ஓட்டுவதைப் பற்றி எல்லாம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் வருவார். "லாரி வர்றான் பாரு, ஒதுங்கு" என்பார். லாரி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கும், நாங்கள் பொன்னேரியில் இருப்போம். வண்டி ஒவ்வொருமுறை நிற்கும்போதும், "பொம்பள ஓட்டுனா கிளட்ச்சு இப்டித்தான் போவும், வேலைய உட்டுட்டு நிம்மதியா இரேன் மெஹரு" என்று முடிப்பார். ரேடியேட்டர் கொதித்தாலும் இதே முடிவு. டயரில் ஆணி ஏறினாலும் இதே முடிவு.

இதுவரை எழுதியதை நீ பொறுத்துக்கொள்ளலாம். நானும் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உன் மச்சான் கடைக்கு இறால் கொடுக்கிற மீனவர் பூவராகவனை உனக்குத் தெரியும். அவர் மகள் பிரேமாவுக்கு ஏரிக்கு அந்தப் பக்கத் தீவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கணேசன் என்ற பையன். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்னென்னவோ கேட்க, ரோஷம் வந்த பூவராகவன், "மாப்ள அழைப்பு கார்லதான்" என்று சபையில் சொல்லிவிட்டார். தீவில் ரோடு கிடையாது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். தீவுக்குப் போகப் பாலம் கிடையாது என்பது ஏரியில் நிற்கும் நாரைக்குக்கூடத் தெரியும். ஆனால் வெற்றிலைத் தட்டு மாற்றிய இடத்தில் சொன்ன வார்த்தை சொன்னதுதானாம். ஊரில் டாக்சிக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, பூவராகவனும் உன் மச்சானும் டீ குடித்து முடித்திருந்தார்கள். என் கார் போவதாக முடிவாகியிருந்தது.

"எப்படிங்க போகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு போட்ட சேத்துக் கட்டி, மேல பலக போட்டு ஏத்திடுவோம் பாயம்மா" என்றார் பூவராகவன். "போன மாசம் எரும மாட்டயே ஏத்திக்கினு போனோம். அது ஆடும். இது சும்மா நிக்கிற சாமான்தானே."

அப்படித்தான் ஏற்றினார்கள். வண்டி உருளாமல் இருக்க உள்ளே ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றார்கள். ஓட்டத் தெரிந்தவள் நான்தான். ஆகவே ரசாயனத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற, நாற்பத்தெட்டு வயதான உன் அக்கா, காருக்குள் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு பழவேற்காடு ஏரியைக் கடந்தாள். கோல் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தவர் குனிந்து பார்த்து, "பெல்ட்ட கயட்டிடுங்க பாயம்மா, கவுந்துச்சுன்னா நீஞ்சணும்ல" என்றார். இன்னொருவர், "எதுக்க போட் வருது, ஆரன் அடிங்க" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அடித்தேன். எதிரே வந்த படகு ஒதுங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கரையில் இறக்கியதும் வண்டி பத்தடி போய் மணலில் அச்சு வரை இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வாடகைக் கோட்டும் மாலையுமாக உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்க மாட்டேன் என்றார், இறங்கினால் அது கார் ஊர்வலம் ஆகாதாம். வலைக் கயிற்றைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். முப்பது பேர் வலை இழுக்கிற பாட்டைப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அத்தை பச்சையம்மா ஜன்னலோடு நடந்து வந்து, "இன்னாம்மா இது, கார்னு சொன்னாங்கோ, எங்க ஊட்டு ஆம்பளங்கதான் ஓட்றாங்கோ" என்றாள். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. கைப்பிடி கேட்டார். கொடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. ஆள் போகலாம், கார் போகாது, கவிழ்ந்துவிடும் என்றார்கள். வண்டியை ஒரு தென்னைமரத்தில் கட்டிவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். காற்று ஒரு வாரத்துக்குமேல் விடவில்லை. பேக்டரி மேனேஜர் போனில், "மேடம், கார் ஒர்க்‌ஷாப்லயா?" என்று கேட்டார். தீவில் இருக்கிறது என்றேன். காய்ச்சல் ஏதாவது அடிக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். அந்த வாரம் இரண்டு நாள் நான் போய்ச் சேருவதற்குள் ஷிப்டே மாறிவிட்டது. ஒருநாள் போகவே முடியவில்லை. அங்கே தீவில் கரண்ட் சரியாக வராதாம். சாவியை மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தது என் தவறு. சிகரெட் பற்றவைக்கும் துளையில் சார்ஜர் சொருகி ஊரில் இருக்கிற செல்போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள். கார் திரும்பி வந்தபோது பேட்டரியில் உயிர் இல்லை. பின்சீட்டில் ஒரு கோழி இருந்தது. அது அவர்களுடையதுதான், திருப்பி அனுப்பிவிட்டோம்.

பொன்னேரி மெக்கானிக் தேசப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எங்க உட்டீங்க இத?" என்றார். சொன்னேன். அவர் பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்றிரவு உன் மச்சான் தொடங்கினார். காரைத் தீவுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டது யார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. "இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நாலு பேரு சிரிக்கிறான். போதும் மெஹரு" என்றார். அவர் எப்போதும் சொல்வதுதான். ஆனால் இந்தமுறை பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, ரிஜ்வான். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. காரோ இந்த லட்சணத்தில் இருக்கிறது. ஆகவே காரை விற்றுவிட்டு வேலையையும் விட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். ராஜினாமாவை நல்ல தாளில் எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுப்பேன். திருவள்ளூரில் பழைய கார் வாங்கி விற்கும் உன் சிநேகிதர் ஃபயாஸ் நாளைக் காலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் முடிவில் மாற்றமில்லை. போன் செய்து மனதைக் கலைக்காதே.

ரமீஸாவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும், நல்ல ரோட்டையும், மிதித்தால் பிடிக்கிற பிரேக்கையும் தருவானாக. ஆமீன்.

உன் அக்கா,
மெஹர்னிசா

பி.கு: ஃபயாஸ் வந்துவிட்டுப் போனார். மேலே நான் எழுதியிருப்பதையெல்லாம் அவர் தன் வாயால் சொன்னார். பாலம் ஏறாது என்றார். துரு என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கருவாட்டு வண்டியாக்கா இது?" என்றார். அது அவ்வளவும் உண்மை. ஆனாலும் ஒரு அந்நியர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது ஏரியைக் கடந்த வண்டி, உங்கள் திருவள்ளூர் வண்டி எது கடந்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, என் சுபாவம் உனக்குத் தெரியும். கடைசியாக அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, உன் மச்சானிடம், "லேடீஸ் ஓட்டுன வண்டி பாய், கிளட்ச்சு இப்டித்தான் இருக்கும்" என்றார்.

உன் மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மணல்ல, மாப்ளய வச்சிக்கினு, பின்னாடி முன்னாடி முப்பது பேரு நிக்க, ஒருத்தன் காலுல ஏத்தாம ஓட்டுனாங்கோ. நீ ஓட்டுவியா?" என்றார்.

"அதுக்கில்ல பாய், பொதுவா சொன்னேன்."

"பொதுவா இன்னாத்துக்கு சொல்றே? காலீல அவங்களுக்கு டூட்டி இருக்குது. வண்டி இல்லாம எப்டி போவாங்கோ? இது விக்கிறதுக்கு இல்ல. நாஷ்டா துன்னுட்டுக் கெளம்பு."

இட்லி வைத்து அனுப்பினோம். அவர் போனபிறகு உன் மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் பூனைகளை விரட்டிவிட்டு, பின்சீட்டு விரிப்பை எடுத்து வெயிலில் போட்டார்.

ஆகவே மேற்படிக் கடிதத்தில் உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஓர் ஆளிடம் நாலு ஜன்னல் கைப்பிடிகள் கொடுத்தனுப்பு. இந்தப் பின்குறிப்பை ராஜினாமாவின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், வீட்டில் வேறு நல்ல தாள் இல்லை. மறுபக்கத்தை நீ படிக்க வேண்டாம்.