மதிலூரின் முப்பத்திரண்டு வாசல்கள்

மதிலூர் நாட்டில் பஞ்சமில்லை, போருமில்லை. விளையாட்டு இருந்தது. அரசருக்குச் சொந்தமான ஆடுமன்றத்தில் நாள்தோறும் காய் நகர்த்தும் ஆட்டம் நடக்கும். அரசரும் ஆடுவார், உப்பு விற்பவரும் ஆடுவார். மன்றத்தையும் அதையொட்டிய அந்தப்புரத்தையும் சுற்றி உயர்ந்த மதில். அதில் முப்பத்திரண்டு வாசல்கள். நாளுக்கு ஒன்றுதான் திறக்கும். எது என்று சொல்லும் வழக்கம் அரண்மனைக்கு இல்லை.

மக்கள் ஓடித் தேடினார்கள். கோதையால் ஓட முடியாது. அவளுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. அவளை ஆட்டத்தில் வென்றவர் நாட்டில் எவருமில்லை. ஆனால் ஊன்றுகோலோடு அவள் ஐந்தாம் வாசலை எட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

அவள் கணவன் சேந்தன் மதிலில் ஒரு விரிசலைக் கண்டான். காவலர் எந்த வாசலின் தாழை நீக்குகிறார்கள் என்பது அதன் வழியே தெரிந்தது. எண்ணைப் பலகையில் எழுதிச் சந்தை முனையில் மாட்டினான். அன்று கோதை முதல் ஆளாக உள்ளே போனாள். அவள் பின்னால் ஊரே போனது.

மதில்துறை அமைச்சர் மாண்புமிகு வல்லாளர் கவலையில் ஆழ்ந்தார்.

“மக்கள் வருகிறார்கள். நன்று. ஆனால் தெரிந்துகொண்டு வருகிறார்கள். அது ஒழுங்கீனம்.”

முதல் ஆணைப்படி விரிசல் பூசப்பட்டது. ஒரு விரிசல் போன இடத்தில் மக்கள் நாற்பது துளை போட்டார்கள். இரண்டாம் ஆணைப்படி வாசல்களின் எண்கள் முன்னறிவிப்பின்றி மாற்றப்பட்டன. சேந்தன் பலகையில் ஒன்பது என்று எழுதினான். அதற்குள் ஒன்பது என்ற எண் யானைக் கொட்டிலின் கதவுக்குப் போயிருந்தது. பலகையை நம்பியவர்கள் அனைவரும் கொட்டிலுக்குள் நுழைந்தார்கள். கோதையின் ஊன்றுகோலைக் கரும்பென்று எண்ணி யானை கடித்துப் பார்த்தது.

“ஏங்க, இன்னைக்கு யானை. நாளைக்கு என்ன, புலியா?” என்றாள் கோதை.

“மன்னிச்சிரு கோதை.”

“மன்னிக்கிறது கெடக்கட்டும். மொதல்ல வேற கோல் வெட்டிக் குடுங்க.”

மூன்றாம் ஆணை, மதிலைப் பார்ப்பவர் நாடு கடத்தப்படுவர் என்றது. மதில் ஊர் நடுவே இருந்ததால் மக்கள் வானத்தைப் பார்த்து நடந்து சாக்கடையில் விழுந்தார்கள். துளைகள் மலிந்த தெற்கு மதில் ஒரு நாள் காலை தானாகவே சரிந்தது. அந்தப் பழியைச் சுமத்தி அன்றே சேந்தனைப் பிடித்துச் சபையில் நிறுத்தினார்கள். கோதையும் புதுக் கோலை ஊன்றி வந்து சேர்ந்தாள்.

அரசருக்கு வேறொரு குறை. “வல்லாளரே, மன்றத்தில் ஏன் ஆளில்லை? பத்து நாளாக என்னோடு நானே ஆடித் தோற்கிறேன்.”

“மன்னா, பாதுகாப்பு உச்சத்தில் இருக்கிறது. உள்ளே வருவோரே இல்லாததால் அத்துமீறி நுழைவோரும் இல்லை. இவனை நாடு கடத்திவிட்டால் பணி முழுமை பெறும்.”

கோதை முன்னே வந்தாள். “இவர அனுப்பிட்டீங்கன்னா அடுத்த ஓட்டைய நான் போடுவேனுங்க. ஒத்தக் கால்ல மெதுவாத்தான் போடுவேன், ஆனா போடுவேன். மதில இடிக்கச் சொல்லல. உங்க அந்தப்புரத்த எட்டிப் பாக்க எங்களுக்கு நேரமும் இல்ல. இன்னைக்கு எந்த வாசல்? அத நீங்களே ஒரு சன்னல் வெச்சுச் சொல்லிட்டா, கடப்பாறையத் தூக்க எவனுக்குங்க பைத்தியம்?”

“சன்னலா!” வல்லாளர் பதறினார். “சன்னல் வைத்தால் எல்லாரும் பார்ப்பார்களே, மன்னா!”

“அதற்குத்தானே சன்னல்?” என்றார் அரசர்.

சேந்தன் விடுதலையானான். மீண்டும் எழுப்பிய மதிலில் சன்னல் அமைந்தது. அன்றைய வாசல் எண் அதில் தொங்கியது. எண்களை மாற்றுவதானால் பத்து நாள் முன்பே அறிவிப்பு. அந்தரங்க அறைகளுக்குத் திரை. சன்னலைப் பார்த்துவிட்டு ஒருவன் கண் தெரியாதவர்களுக்காக எண்ணைப் பறையறைந்து சொன்னான். ஒருத்தி தொலைவிலுள்ள ஊர்களுக்காக மாடியில் கொடி ஏற்றினாள். சேந்தன் நடக்க முடியாதவர்களுக்கு வண்டி விட்டான். பறை, கொடி, வண்டி எதையும் அரண்மனை ஏற்பாடு செய்யவில்லை. கூட்டம் மும்மடங்கானது. வல்லாளருக்கு ‘மன்றம் நிறைத்த மாமணி’ என்ற பட்டம் கிடைத்தது.

புகழ் பரவி, மன்றம் நிறைந்த ரகசியத்தை அறிய ஏழு நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். மதிலின் உயரத்தையும் கனத்தையும் அளந்தார்கள். சுண்ணாம்பில் எவ்வளவு கடுக்காய் சேர்த்தார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். சன்னலருகே நின்று எண் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு தூதர் நூலோடு வந்தார்.

“கொஞ்சம் ஒதுங்கும்மா. மதிலை அளக்கணும்.”

“அளங்க ஐயா, நல்லா அளங்க” என்று விலகி வழிவிட்டாள் கோதை. அன்று பதினேழாம் வாசல். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.