பின்னால் இருக்கும் கொக்கி

அன்பும் அதிகாரமும் ஒருங்கே நிறைந்த அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் உன் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். தோள் மட்டும் சுகமில்லை. அது தனிக் கதை, கீழே வருகிறது.

வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைத் தனியாக எங்கே பார்க்கிறேன்? கூடத்து மேஜையில் போனை நிறுத்திவைத்துவிட்டு உன் மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நடுவில் பிள்ளைகள் இரண்டும் நாக்கை நீட்டிக்கொண்டு. உன் காது ஒன்றும் கொஞ்சம் நெற்றியும் தெரிகிறது. "என்ன சித்தி, விசேஷம்?" என்று உன் மகன் கத்துகிறான். இப்போது நான் எழுதப்போகும் விசேஷத்தை அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? ஆகவே நீ இதைக் கதவைச் சாத்திக்கொண்டு படி.

விஷயம் பாடி. ஆமாம், நாம் உள்ளே போட்டுக்கொள்வது. கடைகளில் இப்போது அதை யாரும் பாடி என்று சொல்வதில்லை என்பதை நான் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். நீ மகன் வீட்டோடு இருக்கப் புறப்பட்டுப் போன மறுவாரமே என் வலது தோள் மக்கர் பண்ணத் தொடங்கியது. கை முன்னால் போகும், பக்கத்தில் போகும், பின்னால் மட்டும் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும். டாக்டரிடம் போனேன். தோள் இறுகிவிட்டதாம், இந்த வயதில் பலருக்கு வருவதாம், தானாகப் போய்விடுமாம். எப்போது போகும் என்று கேட்டேன். "வரும்போது சொல்லிக்கிட்டா வந்துச்சு?" என்றார். எண்ணெய் ஒன்று எழுதிக்கொடுத்து, "பின்னாடி தேய்ச்சுவிட வீட்டுல ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எண்ணெய்க் குப்பி மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

பின்னால் போகாத கையை வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் கொக்கியை எப்படி மாட்டுவது, சொல். நீ இருந்தவரை எனக்கு இந்தக் கவலையே கிடையாது. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து, "மூச்சை உள்ள இழுடி" என்று அதட்டி, முதுகில் சில்லென்று இரண்டு விரலை வைத்து மாட்டிவிட்டுப் போவாய். வாங்குவதும் நீதான், ஒரே அளவில் உனக்கும் எனக்குமாக. நான் கடைக்குப் போனதே இல்லை. அளவு என்ன என்று கேட்டால் 'அக்காவைக் கேளுங்கள்' என்பதுதான் என் அளவு.

முன்பக்கம் மாட்டிவிட்டு அப்படியே சுற்றித் திருப்பிக்கொள்ளலாம் என்று மாடி வீட்டு அம்மாள் ஒருத்தி லிஃப்டில் யோசனை சொன்னாள். திருப்பினேன். அது பாதி வழியில், விலா எலும்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. முன்னுமில்லை, பின்னுமில்லை, திரிசங்கு சொர்க்கம். அன்று முதல் அதை விட்டுவிட்டேன். விட்டுவிட்டு வெளியே போகவும் கூச்சம். ஆகவே எங்கே போனாலும் பெரிய காகிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். வங்கிக்குப் போனால் மேலாளர் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு உட்காரவைத்து, "கடன் விண்ணப்பமா, மேடம்? கொடுங்க பாக்கலாம்" என்று கையை நீட்டினார். கொடுத்தால் என் மானம் போகும், கொடுக்காவிட்டால் மரியாதை போகும். "இன்னும் நிரப்பலைங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வங்கிக்குப் போகவில்லை. மாலை நடையும் நின்றது. ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்துக்கும் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

கடைசியில் ஒருநாள் ரோஷம் வந்து, பெரிய கடையாகப் பார்த்து நுழைந்தேன். வாசலிலேயே ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்தி, "பாடி வேணும்மா" என்றேன். "பாடி லோஷனா, பாடி ஸ்பிரேயா ஆன்ட்டி?" என்றாள். "வெறும் பாடிம்மா" என்றேன். அவள் முகம் மாறி, உள்ளே திரும்பி, "அண்ணா, இங்க ஒரு ஆன்ட்டி என்னமோ பாடி கேக்குறாங்க" என்று கூவினாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மீசை வைத்த அண்ணன் ஒருவர் வந்து, என் கண்ணைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்து, "சைஸ் சொல்லுங்கம்மா" என்றார். பழையதின் பட்டையில் பார்த்து வைத்திருந்த உன் அளவைச் சொன்னேன். அவர் அந்த எண்ணை ஏலம் விடுகிறவர் மாதிரி மாடிக்குக் கத்த, மாடியிலிருந்து ஒருவர் அதைத் திருப்பிக் கத்த, நான் குடை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மழைக்காலம் இல்லை. குடை நன்றாக இருக்கிறது.

அடுத்தது போனில் வரவழைத்தது. கொக்கியே கிடையாது, பனியன் மாதிரி தலை வழியாக இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று படம் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்த பெண் ஓடிக்கொண்டே சிரித்தாள். பொட்டலம் வந்தது, பிரித்தேன், போட்டேன். போடும்போது அது வந்துவிட்டது, அக்கா. கழற்றும்போதுதான் கழுத்துவரை வந்து நின்றுகொண்டது. இரண்டு கையும் தலைக்கு மேலே, முகம் பாதி துணிக்குள்ளே, துப்பாக்கியைப் பார்த்துச் சரணடைந்தவள் போல நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடிக்கிறது.

"யாரு?" என்றேன் துணிக்குள்ளிருந்து.

"தண்ணி மெஷின் சர்வீஸ், மேடம்."

"நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு லீவு, மேடம். ஃபில்டர் மட்டும் மாத்திட்டுப் போயிடறேன். கதவைத் திறங்க."

"கை வேலையா இருக்குங்க."

"வீட்டுல வேற யாரையாவது திறக்கச் சொல்லுங்க, மேடம்."

அக்கா, நான் உண்மையாகவே ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். உன் அறைப் பக்கம். பிறகு, "யாரும் இல்லைங்க" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்தச் சட்டைக்குள் இருந்து எப்படி வெளியே வந்தேன் என்றால், அலமாரிக் கதவின் குமிழில் பின் ஓரத்தை மாட்டிவிட்டு, பாம்பு சட்டையை உரிப்பதுபோல மெல்லக் குனிந்து குனிந்து பின்வாங்கி வந்தேன். வந்து தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லத் தோன்றியது. சொன்னேனா என்று கேட்காதே.

இதற்குப் பிறகுதான் லிஃப்ட் அம்மாள் ஒரு கடையைச் சொன்னாள். பெண்களுக்கு மட்டுமான கடை, உள்ளே அளவெடுக்க ஓர் அறை, அளவெடுக்க ஓர் அம்மா. போனேன். நம் குளியலறை அளவுக்கு ஒரு தடுப்பு, மூன்று பக்கமும் கண்ணாடி. நான் மூன்று பேராக நின்றேன், மூன்று பேருக்கும் கூச்சம். அந்த அம்மா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரையை விலக்கி உள்ளே வந்தாள். என் முதுகுப் பக்கம் போனதும் சொன்னாள்:

"இத்தனை நாளா எங்க போயிருந்தே?"

நீயல்லவா அப்படிக் கேட்பாய்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குத்தான் தெரியுமே, காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். எந்தக் குரல் கேட்டாலும் பதில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொல்லிவிட்டேன்.

"வீட்டுலதாம்மா இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்டம்மா சொல்றது? எங்கக்கா மகன் வீட்டோட போயிட்டா."

"உனக்குக் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

"சும்மாதாம்மா இருக்கு. பின்னால போகவே மாட்டேங்குது."

"சரி சரி, அழாதே."

நான் அழவில்லை, அக்கா. சத்தியமாக அதுவரை அழவில்லை. அவள் சொன்ன பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழாதேன்னு சொல்றேன்ல" என்று அவள் மறுபடி சொல்ல, எனக்கு விக்கலே வந்துவிட்டது. அப்போதுதான் அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள், மூன்று முகத்தையும். பதறிப்போனாள்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைம்மா! என் தங்கச்சிகிட்டப் பேசிட்டிருக்கேன். காதுல மாட்டியிருக்கேன், பாருங்க." கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே கடலைப்பருப்பு அளவில் ஒரு கருவி. என் காலத்தில் அது இரும்புக் கிரீடம் மாதிரி இருக்கும். பிறகு அவள் அதனிடம், "இருடி, இங்க ஒரு கஸ்டமர் அழறாங்க, அப்புறமா திட்டறேன்" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

"நாடாவை இறுக்கிட்டேனா?"

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஏம்மா அழறீங்க?"

அளவெடுக்க வேண்டுமானால் இரண்டு கையையும் நம்மைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்க்கத்தானே வேண்டும். அப்படி ஒரு கை என்னைச் சுற்றி வந்தது விமான நிலையத்தில் நீ விடைபெற்ற அன்றுதான் கடைசி. அதை அந்த அம்மாவிடம் சொல்ல முடியுமா? "தோள் வலி" என்றேன். அவள் இன்னொரு முறை அளந்தாள். எண்ணை மறந்துவிட்டேன் என்று சொல்லி மூன்றாம் முறையும் அளந்தாள். மறந்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

"இத்தனை வருஷமா யார் அளவைப் போட்டுட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்கக்கா அளவு."

"அவங்க நல்ல பூசின உடம்போ?"

"அவளே சொல்லுவா, எலும்பு கனம்னு."

கோபித்துக்கொள்ளாதே. என் அளவு வேறு, உன் அளவு வேறு என்று இந்த வயதில் தெரிந்தது. அவள் கொண்டுவந்த முதலாவது குத்தியது. இரண்டாவது இரண்டு கிண்ணமாக விறைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தது, நான் அதற்குப் பின்னால் போகவேண்டியிருந்தது. மூன்றாவது மெத்தென்ற பருத்தி, அகலமான பட்டை, கொக்கி முன்பக்கம். நானே மாட்டினேன். என் கையால், என் கண்முன்னே, யாரும் மூச்சை இழுக்கச் சொல்லாமல். போட்டிருப்பதே தெரியவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, கையை வீசிக்கொண்டு, பேருந்து ஏறவேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி நடந்தேன். காற்று நேராக மார்பில் பட்டது.

ஆனால் பார், இப்படி ஒரு நல்ல சேதியை யாரிடம் சொல்வது? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நம் கட்டட வாசல் காவலாளியிடம் சொல்லக்கூடிய சேதியா இது? வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, "நல்லா இருக்குடி" என்று உன் குரலில் நானே சொல்லிப் பார்த்தேன். உன் குரல் எனக்கு வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆகையால் அக்கா, இதனால் நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இனிமேல் எனக்கென்று நீ உள்ளாடை எதுவும் வாங்கவேண்டாம், அனுப்பவேண்டாம். என் அளவு எனக்குத் தெரிந்துவிட்டது. கொக்கியும் முன்னால் வந்துவிட்டது. எனக்கு யார் துணையும் இல்லாமல் எல்லாம் சௌகரியமாக நடக்கிறது. நீ கவலையை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு சந்தோஷமாக இரு.

உன் மகனுக்கு என் ஆசி. மருமகளுக்கு என் விசாரிப்பு, அவளும் சரியான அளவுதான் போடுகிறாளா என்று நாசூக்காகக் கேட்டுவை. குழந்தைகளுக்கு நாக்கை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து என் முத்தம். இதைப் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

என்றும் உன் சொல் தட்டாத
தங்கை

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகும்போது உன் போன் வந்தது. நீ மட்டும், தனியாக. கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னாய். "ஏய், இங்க நல்லதா ஒண்ணு கிடைச்சுதுடி. நம்ம சைஸ். எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு எடுத்துட்டேன். அனுப்பட்டுமா?" என்றாய். கொக்கி எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பின்னாலதான், வேற எங்க இருக்கும்?" என்று அதட்டினாய். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா. என் வாய் என்ன கேட்டது என்று உனக்கே தெரியும். "என்ன கலருக்கா?" மேலே எழுதியதையெல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். அனுப்பு.