மாமாவின் ஹார்டு டிஸ்க்கில் நான் கை வைக்கவில்லை

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மாமா அரவிந்த்குமார் அவர்களுக்கு, கறம்பக்குடியிலிருந்து உங்கள் அக்கா மகள் தேவிப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. அம்மா, அப்பா, புவனேஸ்வரி அத்தை, கடலைக் கொல்லை எல்லாம் இங்கே நலம். நான் அனுப்பிய இருபத்திரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு நீங்கள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டதால், லீவு முடிந்து அங்கே திரும்பும் குழந்தைசாமி அண்ணனின் முறுக்கு டப்பாவுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

மாமா, பழைய லேப்டாப்பைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "ஹார்டு டிஸ்க்ல கை வைக்கக் கூடாது, எனக்கும் ஒன் அத்தைக்கும் நடந்த கல்யாண போட்டோ அதுல மட்டுந்தான் இருக்கு. பொங்கலுக்கு வந்து பாப்பேன். பத்திரமா இருந்தா லேப்டாப்பு ஒனக்கு, இல்லேன்னா ஒன் சித்தி மகன் கோபிநாத்துக்கு." அவன் அதில் கார் ஓட்டும் கேம் மட்டுந்தான் விளையாடுவான். நான் கம்ப்யூட்டர் பாதுகாப்பு படிக்கிறவள். வாத்தியார் யூடியூப்தான், ஆனாலும் தினமும் வகுப்பு.

ஆனால் அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் ஒன்பது விளம்பரம் வந்து நிற்கும், எல்லாம் வைரஸ். ஹார்டு டிஸ்க்கைத் துடைக்கவும் கூடாது, என்ன செய்ய? அப்போதுதான் கண்டுபிடித்தேன். சிஸ்டத்தையே பென் டிரைவில் ஏற்றி, அதைச் சொருகி ஆன் செய்தால், ஹார்டு டிஸ்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் எல்லாம் அதிலிருந்தே ஓடும். ஆஃப் செய்தால் பார்த்தது, தட்டியது அத்தனையும் மறந்துவிடும். வைரஸுக்குத் தங்க இடமில்லை. அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் மறந்துருமா? அப்ப ஒங்கப்பாவும் அதுலதான் ஓடுறாரு போல" என்றார்கள்.

பதினோரு நாள் சுகமாப் போச்சு மாமா. பன்னிரண்டாவது நாள் நம்ம டிராக்டர் ஓட்டுற ராக்கன் அண்ணன் மேசையில கெடந்த பென் டிரைவை எடுத்துட்டுப் போயி டிராக்டர் செட்டுல சொருகியிருக்காரு, பாட்டு வரல, நேரா செல்போன் கடையில குடுத்து அழிச்சுட்டு முந்நூறு பாட்டு ஏத்திட்டு வந்துட்டாரு. "அண்ணே, அதுல சிஸ்டம் இருந்துச்சுண்ணே"ன்னேன். "ஒரு பாட்டுகூட இல்ல பாப்பா, காலியாக் கெடந்துச்சு. நாந்தான் நெறச்சுக் குடுத்திருக்கேன்"னு பெருமையாச் சொல்றாரு.

சரி, சீடியை யாரு தொடப்போறான்னு, என் கூடப் படிக்கிற ஷர்லி வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு டிவிடியில எழுதினேன், அழிச்சு அழிச்சு எழுதுற வகை. கொஞ்சம் மெதுவா, ஆனா ஓடுச்சு. ஜன்னல்ல வச்சுட்டு காலேஜ் போயிட்டு வந்தா ஆளைக் காணோம். அம்மா அதைக் கயித்துல கட்டி, மயில் வெரட்ட கடலைக் கொல்லையில தொங்கவிட்டுட்டாங்க. "அம்மா, அது செக்யூரிட்டி சிஸ்டம்மா." "அதைத்தானடி நானும் சொல்றேன், காலையிலேருந்து ஒரு மயிலு இங்கிட்டு வரல."

கழட்டிட்டு வந்து தொடச்சுப் போட்டேன். லேப்டாப்பு முக்குச்சு, மொனகுச்சு, அப்புறம் ஓடிருச்சு மாமா. இன்னைக்குச் சாயந்தரம் அதுலேருந்து ஒரு புதுப் பென் டிரைவுக்கு ஏத்தப்போறேன், மேல "பாட்டு இல்லை"ன்னு எழுதியும் ஒட்டிட்டேன். இத்தனை நடந்தும் உங்க ஹார்டு டிஸ்க்ல ஒரு தூசி படல. பொங்கலுக்கு வந்து நீங்களே பாத்துட்டு, கோபிநாத்துக்கு ஒரு பந்து வாங்கிக் குடுத்துருங்க.

வேலையிடத்தில் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னார்கள். நம்ம கருப்பர் கூடவே இருப்பார்.

பிளாக் நீங்கும் என்ற நம்பிக்கையுடன்,
தேவிப்ரியா

பி.கு.: பென் டிரைவுக்கு ஏத்தும்போது எதுல எழுதணும்னு கேட்டு ரெண்டு டிரைவைக் காட்டுச்சு மாமா. பெருசா இருந்ததை அமுக்கிட்டேன். அது உங்க ஹார்டு டிஸ்க்காம், அழிச்சுட்டு அதுல எழுதிருச்சு. அழுதுகிட்டே அத்தைகிட்ட சொல்லிட்டேன். அழிஞ்சதை மீட்டெடுக்குற புரோகிராம் அந்த டிவிடியிலயே இருக்கு, தேடினதுல ஒரு போட்டோ கெடச்சிருச்சு, பந்தியில வாய் நெறைய அப்பளத்தோட நீங்க. "இது ஒண்ணு போதும்டி"ன்னு அத்தை இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. மத்ததும் உள்ளதான் இருக்கும், எடுத்துருவேன். எடுத்து வைக்கத்தான் எடமில்ல, வரும்போது ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கிட்டு வாங்க. கோபிநாத்துகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம்.