மாமாவின் ஜெபமும் நான் திருப்பிய முள்ளும்

எந்த மெஷினையும் இரண்டு நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. ராவாங்கில் தொழிற்சாலை வேலை தந்த திமிர். (நான் பார்த்தது அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. புகுந்த வீட்டில் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.)

என் மாமனார் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டத்தை விற்றபோது ஆபீஸ் சுவர்க்கடிகாரம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. அதற்குச் சாவி கொடுப்பது அவர் மட்டும்தான். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண்ணை மூடி ஜெபம் தொடங்குவார். கடிகாரம் பத்து அடித்து முடித்தால்தான் ஆமென். அதையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுவார்.

அந்தச் சனிக்கிழமை என் நாத்தனார் ரெஜினாவைப் பெண் பார்க்கச் சுங்கை பெசாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கெல்லாம் பயம். அந்தப் பரபரப்பில் மாமா சாவி கொடுக்க மறந்து, கடிகாரம் நாலு பத்தில் நின்றுபோயிருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் நான் சாவி கொடுத்துப் பெரிய முள்ளைச் சுற்றினேன். ஐந்து அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து முடிப்பதற்குள் முள்ளை ஒன்பதேகாலுக்கு ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் நின்று, அடித்து முடிக்கவிட்டுத்தான் நகர்த்த வேண்டுமாம்; இல்லாவிட்டால் விட்ட எண்ணிலிருந்துதான் அடுத்து அடிக்குமாம். டேப் ஒட்டுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

விருந்தினர் வந்தார்கள். ஜெபம் தொடங்கியது. பத்து மணிக்குக் கடிகாரம் ஆறு அடித்து நின்றது. மாமா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு செகிஞ்சான் மீனவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சமையலறையிலிருந்து ஆட்டுக்கறி மணக்க மணக்க, அவர் நெற்றி வியர்த்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலில் நின்ற காரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார்.

"உள்ள ஒரு கம்பி இருக்கும். தூக்கிவிட்டா அடுத்தது அடிக்கும். போ லா."

(இவ்வளவு தெரிந்தவர் தானே போயிருக்கலாம். போகமாட்டார்.)

நாற்காலி மேல் ஏறிக் கம்பியைத் தூக்கினேன். ஏழு அடித்தது. மாமா தஞ்சோங் காராங் வாய்க்கால்களில் தண்ணீர் வற்றாதிருக்க வேண்டிக்கொண்டார். எட்டு. நெல் விலைக்காக வேண்டினார். ஒன்பது. பக்கத்து வீட்டுப் பூனையின் உடைந்த காலுக்காக வேண்டினார். மாப்பிள்ளை கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்த ரெஜினா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஒருவழியாகப் பத்தும் அடித்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த மாமா, கடிகாரத்துக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்த மருமகளைப் பார்த்தார். எனக்கு மானமே போய்விட்டது. மூன்றாவது இடமும் என்னால் போயிற்று என்று அழுகை முட்டியது. பார்த்துவிட்டுப் பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று வந்தபோதே கறாராகச் சொல்லியிருந்த மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார்.

"கிராணி ஐயா, எங்களுக்குச் சம்மதம். அது பதினொன்னு அடிக்கிறதுக்குள்ள சாப்பிட்ருவோம்."

கல்யாணத்தன்று தேவாலயத்தில் பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியதும், மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் நீட்டி முழக்கினாலும் எல்லா முகமும் என் பக்கம்தான் திரும்பும். முதலில் திரும்புவது மாமாவின் முகம்.