இக்மலின் மெஷினில் மட்டும் ஓடியது

சனிக்கிழமை நிபோங் திபாலுக்குப் போவதில்லை என்று இக்மல் முடிவு கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவன் அக்கா மகளுக்கு நிக்காஹ். தாய்மாமனாக ஜம்மென்று போய் உட்கார அவனுக்குச் சம்மதம்தான். முதல் நாள்தான் தகராறு. அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடி விருந்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். அக்காவின் பெயர் சித்தி ஆயிஷா, ஹுஸ்னாவுக்கு லாத்தா. மூட்டை மூட்டையாக வாங்குகிறவள். வராதவனை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிறவள். ஆபீஸ் வேலை என்றால் மட்டும் விட்டுவிடுவாள்.

அந்த வேலையை இக்மலே உண்டாக்கினான்.

அவனும் மனைவி ஹுஸ்னாவும் பாயான் பாருவில் ஒரே கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள். அவன் பைத்தானில் எழுதியது ஒன்று திங்கட்கிழமை வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அது தன் காலில் நிற்கிற ஜாதி இல்லை. யார் யாரோ எழுதி வைத்த லைப்ரரிகள் என்ற குட்டிப் ப்ரோகிராம்களின் தோளில் தொங்குகிறது. இன்னின்ன லைப்ரரி வேண்டும் என்று ப்ராஜெக்ட் ஃபைலில் பெயர் சொல்லிவிட்டால், எந்த மெஷினில் போட்டாலும் அவை தாமாக வந்து இறங்கிவிடும். சொல்லாவிட்டால் ப்ரோகிராம் புது மெஷினில் ஏறிய உடனே படுத்துவிடும். இக்மல் இரண்டு பெயர்களை நைசாக அழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஓட்டிப் பார்க்க அனுப்பி வைத்தான். அவன் மெஷினில் அந்த இரண்டும் எப்போதோ இறங்கியவை. அதனால் அங்கே மட்டும் குதிரை மாதிரி ஓடியது.

நினைத்தபடியே அன்று சாயங்காலமே ஆபீஸிலிருந்து புகார் வந்தது. சனிக்கிழமை காலை மனத்தில் சோபாவை நினைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு ஹுஸ்னாவிடம் போனான்.

"ப்ரோகிராம் ஆபீஸ் மெஷின்ல ஓடலயாம். நான் வீட்டுல இருந்து பார்க்கணும். நீ மட்டும் போய்ட்டு வா லா."

ஹுஸ்னா தேத்தண்ணியை ஆற்றினாள். "உங்க மெஷின்ல ஓடுதா மச்சான்?"

"நல்லா ஓடுது. அதான் ஒண்ணும் புரியல."

"அப்ப என்ன விட்டுப் போச்சுன்னு அதுல எப்படித் தெரியும்? அதுலதான் எல்லாம் ஏற்கெனவே இருக்கே. ஒண்ணுமே இல்லாத மெஷின்ல போட்டுப் பார்க்கணும்."

"அதையும் நானே பார்த்துக்கிறேன்."

"எழுதின ஆளே பார்க்கக் கூடாதுன்னு ரூல் கொண்டு வந்தது நீங்கதானே? நான் பார்க்கிறேன்னு மேனேஜர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். நீங்க வர்றீங்கன்னு லாத்தாகிட்டயும் சொல்லிட்டேன்."

இக்மல் மனத்துக்குள் கணக்குப் போட்டான். அழித்தது நான்தான் என்று சொன்னால் வேலையும் போகும், மானமும் போகும். காரின் சாவியை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். கடல் பாலத்தைத் தாண்டி அக்கா ஊருக்குப் போனான்.

அக்கா வீட்டு வாசலில் பாய் விரித்து, அவனுக்கென்றே ஒரு முழு மூட்டையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கண்ணும் மூக்கும் ஒழுக உரித்துக்கொண்டிருந்தபோது கைபேசி கூவியது. ஹுஸ்னாதான்.

"விட்டுப் போன ரெண்டு லைப்ரரி பேரைச் சேர்த்தேன், ஓடிருச்சு. வேலை எப்பவோ முடிஞ்சிருச்சு மச்சான். நான் ஏன் வரலன்னு லாத்தா கேட்டா, இன்னும் முடியலன்னு சொல்லிடுங்க."