நாலு மலை தள்ளி ஒரு கண் டாக்டர்

ஒரு காட்டில், செல்போனுக்கு மூன்று கோடு சிக்னல் கிடைக்கிற பக்கமாக, தெய்வசிகாமணி என்றொரு கீரி இருந்தது. அதற்குப் பாம்பென்றால் பயம். பாம்புகூட வேண்டாம், பாவாடை நாடாவைப் பார்த்தாலே ஓட்டம் பிடிக்கும்.

இதில் ஆவணியில் கல்யாணம் வேறு. கீரி வீட்டு வழக்கப்படி, தாலி கட்டும் முன் மாப்பிள்ளை சபை நடுவே ஒரு பாம்பின் கழுத்தைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்கென்றே முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்துபோகும் வாடகைப் பாம்பு ஒன்று உண்டு. பிடிக்காவிட்டால் பெண் வீட்டார் சாப்பிடக்கூட மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். பாவம், பெண்ணைக் கீரிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போனில் தேடியது: 'என் அருகில் உரிமம் பெற்ற உளவியலாளர்.'

பதில் உடனே வந்தது. டாக்டர் தேவாங்கு, இலுப்பை மரம், இருநூறு அடி தூரம். உரிம எண் உண்டு. காத்திருக்க வேண்டியதே இல்லை.

"ஐயையோ, இவ்வளவு பக்கத்துலயா!"

அந்த மரத்தடியில்தான் பெண்ணின் தாய்மாமனுடைய டீக்கடை. அங்கே தெரிந்தால், டீ ஆறுவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே வீட்டில் 'கண் டாக்டர்' என்று சொல்லிவிட்டு, நாலு மலை தள்ளி உளவியலாளராக இருந்த ஒரு மலையணிலிடம் டோக்கன் போட்டது.

அங்கே கூடம் நிறைய கீரியின் உள்ளூர்க்காரர்களே. எல்லோரும் முகத்தைத் தேக்கிலையால் மூடியிருந்தார்கள். இலைக்கு வெளியே வால் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்வரிசையில் இருந்தது தாய்மாமனின் வால்.

"மாமா, நீங்களா?"

"கண்ணு காட்ட வந்தேன் மாப்ள. நீங்க?"

"எனக்கும் கண்ணுதான்."

பக்கத்தில் வாடகைப் பாம்பு. கீரி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தது. பாம்பும் அந்தப் பக்கம் மூன்று நாற்காலி தள்ளிப் போனது. "ஆவணி பொறந்தாலே கழுத்தெல்லாம் நடுங்குது" என்று முனகியது.

கடைசி நாற்காலியில், இலைக்குள் அடங்காத இரண்டு பெரிய தேவாங்குக் கண்கள்.

"டாக்டர், நீங்களுமா?"

"மூணு வருஷமா ஒருத்தரும் வரலை தம்பி. என்கிட்டதான் ஏதோ குறைன்னு மனசு போட்டு அரிக்குது. உள்ளூர்ல யார்கிட்டயாவது காட்டலாம்னா, அங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

கூடமே இலையை இறக்கிவிட்டு அழுதது. அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்ல முடியாது.

"தப்பு எங்கமேலதான் டாக்டர்" என்றது தெய்வசிகாமணி. "இனிமே எல்லாரும் உங்ககிட்டயே வரோம். நீங்க மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து கடையைப் போட்டுருங்க."

தேவாங்கு உரிமத்தைக் கழற்றிக்கொண்டு நாலு மலை தாண்டிப் போய் மாட்டியது. கூட்டம் தாங்கவில்லை. ஏழே வாரத்தில் கீரிக்குப் பயம் போனது. பாம்புக்கும் போனது.

கல்யாணத்தில் கீரி கழுத்தைப் பிடித்தது. பாம்பு கொட்டாவி விட்டது. சபை கைதட்டியது.

பந்தியில் தேவாங்கு வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் குனிந்து அவசரமாகச் சாப்பிட்டார்கள். பாயசம் ஊற்றிய தாய்மாமன் கேட்டது: "அம்மாவை எங்கயும் பார்த்த மாதிரி இல்லையே. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

தேவாங்கு மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"நான் கண் டாக்டருங்க" என்றது தேவாங்கு.

நீதி: உரிமம் பெற்ற உளவியலாளரை உங்கள் பகுதியிலேயே தேடுங்கள். கிடைத்ததும் அவரை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டு, பிறகு போய்ப் பாருங்கள்.