டயர்க்கடை அண்ணே தட்டிய நாள்

கழுத்தை நெரிக்கிறவனிடமே “இன்னும் கொஞ்சம் மேல பிடி தம்பி” என்று சொல்லிக்கொடுக்கிற மனிதர், மலேசியா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் டயர்க்கடை அண்ணே.

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஜியு-ஜிட்சு வகுப்பு. எனக்குச் சர்க்கரை ஏறியதும் மனைவி என்னை அங்கே தள்ளிவிட்டாள். படிப்பு எனக்கு அதிகமில்லை. ஆனாலும் அந்த விளையாட்டின் சட்டம் சீக்கிரம் புரிந்துவிட்டது. கையை மடக்கினாலும் கழுத்தை இறுக்கினாலும் எதிராளியின் மேல் ரெண்டு தட்டு தட்டினால் போதும், உடனே விட்டுவிடுவான். “முழங்கைய விலாவோட ஒட்டி வைங்க, தாடைய நெஞ்சுல இறக்குங்க. அப்பவும் மாட்டிக்கிட்டா, திமிறாம தட்டிடுங்க லா. நாளைக்கும் விளையாடணும்ல?” என்பார் மாஸ்டர்.

அண்ணே மட்டும் தட்ட மாட்டார். “தோக்கிறதா? முருகன்கிட்ட மட்டும்தான்!” மறுநாள் அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, கடையில் டயர் கழற்றுவது அண்ணிதான். ஒருமுறை கழுத்துப் பிடியில் மயங்கிப்போனவர், கண் விழித்ததும், “யார்ரா லைட்ட அடைச்சது?” என்று எங்களைத் திட்டினார்.

அந்த வருஷம் அவர் பேத்தி மாதம் நிறையாமல் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் பத்துமலைக்குக் காவடி தூக்குகிறேன் என்று அண்ணே வேண்டிக்கொண்டார். பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தாள். தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கினார். வகுப்பை நிறுத்தினாரா? அதுதான் இல்லை. “கறி மீன விடுறேன்னுதான் முருகன்கிட்ட சொன்னேன். இத விடுறேன்னு சொல்லலையே!”

தொல்லை எங்களுக்குத்தான். விரதம் இருப்பவரைச் சாமி என்று கூப்பிடுகிற ஆட்கள் நாங்கள். சாமி கழுத்தில் காலைப் போட்டு இறுக்குவது எப்படி? என் பாதம் தெரியாமல் பட்டதற்கே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பிடித்தாலோ, பிடி விழுமுன்னே எல்லோரும் தட்டினோம். மாஸ்டரும் தட்டினார். அண்ணே நெஞ்சை நிமிர்த்தி, “பாத்தீங்களாடா, சாம்பார் பவர்!” என்றார்.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, செராஸிலிருந்து ஒரு சீனத் தம்பி வந்தான். விரதம், சாமி ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அண்ணேயோடு உருண்டவன், அவர் கையைப் பிடித்து முதுகுப் பக்கம் மடக்கித் தோளைத் திருப்பினான்.

அண்ணே வழக்கம்போல் பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்சம் திரும்பினால் தோள் போகும். தோள் போனால் காவடியும் போகும்.

“தட்டுங்கண்ணே!” என்று மாஸ்டர் கத்தினார். அண்ணே மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் தாங்க முடியாமல், “சாமி! பேத்திக்குன்னு வேண்டுனது!” என்று அலறிவிட்டேன்.

அண்ணேயின் கண் ஒரு கணம் மூடியது. “முருகா” என்றார். அப்புறம் தட்டினார் பாருங்கள்! கையால் தட்டினார், காலால் தட்டினார், “தட்டிட்டேன், தட்டிட்டேன், விடுடா தம்பி!” என்று வாயாலும் தட்டினார். பையன் பயந்துபோய், “சாரி லா அங்கிள்!” என்று எழுந்து நின்றான்.

அண்ணே தோளைச் சுழற்றிப் பார்த்தார். நல்லபடியாக இருந்தது. பிறகு எங்களைப் பார்த்தார். “அப்ப, இவ்ளோ நாளா நான் ஜெயிச்சது?”

எல்லோரும் தலைக்கு மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தோம். “சாமியாச்சேன்னு...” என்று இழுத்தேன்.

“அடப்பாவிகளா! சாம்பார்னுல நெனச்சேன்!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தத் தம்பியை இழுத்து அணைத்து, “நீ ஒருத்தன்தான்டா என்னோட விளையாடுன” என்றார். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அவனும் சிரித்தான்.

அதன்பின் சட்டையைத் தொட்டாலே தட்டினார். நான் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கியதற்கும் ஒருமுறை தட்டிவிட்டார்.

தைப்பூசத்தன்று காவடியோடு படியேறினார். மேலே இறக்கி வைத்ததும் மகள் பிள்ளையை அவரிடம் கொடுத்தாள். வியர்வையில் நனைந்திருந்த அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, எச்சில் ஒழுகப் பேத்தி தூங்கிவிட்டாள்.

சன்னதி முன்னால் கை கூப்பியபடி, நான் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.